மூன்று நொடிக் கழுகு

போன வாரம், இப்போது பறவைக் கணக்கெடுப்பு செய்யும் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வெளுத்த வானம், நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. கீழே, "அக்கா, இது என்ன கழுகு? அவசரம்லா, ரிப்போர்ட் இன்னைக்கே குடுக்கணும்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிதான் பெரிதானது. "கொசுவாகக்கூட இருக்கலாம்" என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது, ஈப்போவில் ஒரு வெள்ளைக் காப்பியை நிம்மதியாகக் குடிக்க விடமாட்டேன் என்கிறீர்களே, அதுதான் எரிச்சல்.

என் வேலை என்னவென்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் இந்தப் பேராக் மாநிலத்தில் பழைய தோட்டத்தையோ காட்டையோ அழித்து வீடு, சாலை, கல்லுடைப்பு என்று எதையாவது கொண்டுவரும் முன்பு, அங்கே என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்று போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் அதைத்தான் செய்தேன். குருவி, மைனா, மீன்கொத்தி எதுவும் என்னை இவ்வளவு பாடுபடுத்தியது இல்லை. என் தலைமுடி நரைத்ததே இந்தப் பருந்து கழுகு வகையறாவால்தான்.

நம் ஊரில் பாம்புக்கழுகு ஒன்று இருக்கிறது. செம்பருந்து இருக்கிறது, அதைத்தான் நாம் கருடன் என்று கும்பிடுகிறோம். கொண்டைக் கழுகு என்று நான் சொல்வது காடு குறையக் குறைய அரிதாகிவரும் சின்ன மலைக்கழுகு. இதெல்லாம் போதாதென்று தேன்பருந்து என்று ஒரு சனியன். குளவிக்கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்துத் தின்கிற அப்பிராணி அது. ஆனால் இங்கேயே வாழும் தேன்பருந்து பல சமயம் கொண்டைக் கழுகின் சட்டையை அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறது. அதே கொண்டை, மார்பில் அதே கோடு, வயிற்றில் அதே பட்டை. எதற்காக இந்த வேஷம் என்று படித்தவர்கள் ஏதேதோ சொல்கிறார்கள். என்னை அவமானப்படுத்துவதற்கு என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அந்த அவமானத்தைத்தான் சொல்ல வருகிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தியது.

பீடோர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பாதி, எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, மீதியில் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் புதர் மண்டிக் கிடந்தன. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். சனங்கள் பீடோரிலும் ஈப்போவிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு மாரியம்மன் கோயிலும், அதன் பின்னால் தோட்டத்துக்கும் முந்திய வயசுடைய, ஜெலுத்தோங் என்ற உயரமான காட்டு மரம் ஒன்றும். நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியிருந்தது. அவர்களுடைய வரைபடத்தில் சாலை நேராக அந்த மரத்தின் மேலேயும் கோயிலின் மேலேயும் போனது. கோயிலை வேறு எங்கேயாவது தூக்கி வைத்துவிடலாம் என்று ஒரு குறிப்பு. கோயில் என்ன, நாற்காலியா?

கோயில் தலைவர் என் பெரியப்பா மகன் வேலு அண்ணன். லாரி ஓட்டுகிறவர். தலைவர் என் அண்ணன் என்று தெரிந்ததுமே அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்க வேண்டும் நான். அலுவலகத்தில் உறவைச் சொன்னேன். ஆள் இல்லை, நீயே போ என்றார்கள். போனேன். அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு முதல் நாள் காலையிலேயே நடந்தது. நான் தொலைநோக்கியோடு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பிளாஸ்டிக் பையில் தே தாரே, அதாவது ஆற்றிய பால் தேநீர், கட்டி வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். மரத்தின் உச்சிக் கிளைக்குப் பின்னாலிருந்து ஒரு பறவை பாய்ந்து செம்பனைப் பக்கம் போய் மறைந்தது. கொண்டை தெரிந்தது. வயிற்றில் பட்டை தெரிந்தது. மொத்தம் மூன்று நொடி.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா?

"அண்ணே, கொண்டைக் கழுகு மாதிரில்ல இருக்கு! ரொம்ப அரிதானது. இது இங்க கூடு கட்டியிருந்தா இந்த மூலையையே விட்டு வைக்கச் சொல்லி எழுதலாம்."

அண்ணன் கையிலிருந்த பையைக்கூடக் கொடுக்க மறந்துவிட்டார். "மெய்யாவா தங்கச்சி?"

"மாதிரி இருக்குன்னுதான் சொன்னேன். இன்னும் பார்க்கணும்."

நான் கடைசியாகச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. சாயங்காலத்துக்குள் தோட்டத்துச் சனங்களின் வாட்ஸ்அப் குழு முழுக்கக் கழுகு. கோலாலம்பூரில் இருக்கிறவர்கள்கூட அண்ணனைக் கூப்பிட்டு அழுதார்களாம். அடுத்த வாரம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். வாசலில் பெரிய பேனர் வந்துவிட்டது. "அரிய கழுகு குடியிருக்கும் அருள்மிகு மாரியம்மன் ஆலயம்." படத்தில் இருந்தது அமெரிக்காவின் வெள்ளைத்தலைக் கழுகு. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு மூன்று நாள் அந்த மரத்தடிக்கு எதிரே உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் பறவை வெளிக்கிளையில் வந்து உட்கார்ந்தது. கழுத்து நீளம். தலை சின்னது, புறாத்தலை மாதிரி. கழுகுக்குக் கண்ணுக்கு மேல் புருவ எலும்பு முன்தள்ளி, எப்போதும் யாரையோ முறைப்பது போல இருக்கும். இதற்கு அந்த முறைப்பு இல்லை. சாதுவான முகம். கொண்டைக் கழுகுக்கு விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும். இதன் கால் வெறுங்கால், மஞ்சள். தேன்பருந்து. சந்தேகமே இல்லை. ஒரு கோயிலையும் ஒரு சனக்கூட்டத்தின் நம்பிக்கையையும் என் மூன்று நொடி வாயில் தொங்கவிட்டிருக்கிறேன் என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அன்றைக்கே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் பந்தல் கம்பைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டேதான் கேட்டார்.

"மூணு செகண்டுல கழுகுன்ன. இப்ப மூணு நாளு பார்த்துட்டு இல்லேங்கிற. நான் எதை நம்புறது?"

"இதைத்தான் நம்பணும். அது என் தப்புண்ணே."

"கழுகு, பருந்து எல்லாமே மலாய்ல ஹெலாங்தானேலா? சட்டைதான் ஒண்ணா இருக்குன்னு நீயே சொல்ற. பேரைக் கொஞ்சம் மாத்தி எழுதினா அந்தப் பறவைக்கு என்னா குறைஞ்சு போகுது? ஒனக்குத்தான் என்னா குறைஞ்சு போகுது?"

"அண்ணே, நான் எழுதுறத இன்னொருத்தன் பார்ப்பான். படம் கேட்பான்."

"சரி, சாமி காரியம் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

மூட வேண்டியபோது திறக்கும், திறக்க வேண்டியபோது மூடச் சொல்வார்கள். என் வாய்க்குச் சாபம் போல.

அந்தப் பக்கம் இப்படி என்றால், இந்தப் பக்கம் நிறுவனத்தின் திட்ட மேலாளர் பிரகாஷ். நம் ஆள்தான், நல்ல பேச்சுக்காரர். பீடோரில் வாத்து மீ நூடுல்ஸ் கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். தேன்பருந்து என்று நான் சொன்னது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"மேடம், தேன்பருந்துன்னா வலசைப் பறவைதானே? நானே இணையத்துல படிச்சேன். வடக்கேருந்து வருது, பங்குனி வாக்குல திரும்பிப் போயிடுது. 'கடந்து செல்லும் பறவை'ன்னு ஒரு வரி போட்டுட்டா ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சிடும்."

எனக்கு வந்த கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் கோபம். வடக்கிலிருந்து வந்து திரும்புகிற தேன்பருந்தும் உண்டு. இங்கேயே பிறந்து இங்கேயே குடும்பம் நடத்துகிற தேன்பருந்தும் உண்டு. அந்த நீளக் கொண்டையும் கழுகுச் சட்டையும் இங்கே குடியிருக்கிற வகைக்கு உரியவை. ஆனால் சட்டையை வைத்து நான் ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவள். கூடு இருக்கிறது, அதில் குஞ்சு இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் எழுத முடியும், இங்கேயே குடியிருக்கிற வகையாகவும் இருக்கலாம் என்று அவரிடமும் சொன்னேன். குஞ்சு இருந்தால் மரத்தைத் தொட முடியாது. உச்சிக் கவையில் பெரணிச்செடி அடர்ந்து கிடந்ததால் கூடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒருத்தருக்குக் கழுகு வேண்டும், இன்னொருத்தருக்கு வழிப்போக்கன் வேண்டும். அந்தப் பறவை என்னவாக இருக்கிறது என்று கேட்க ஒருத்தர் இல்லை.

கும்பாபிஷேகம் வந்தது. எங்கெங்கேயோ போய்விட்ட சனம் பஸ்ஸிலும் காரிலும் வந்து குவிந்தது. பிரகாஷ் முன்வரிசையில், சிறப்பு விருந்தினர், தோளில் பொன்னாடை. என்னைப் பட்டுச்சேலையில் கழுத்தில் தொலைநோக்கியோடு யாகசாலை ஓரமாக நிறுத்தியிருந்தார் அண்ணன். "கருடன் வந்தா ஒனக்குத்தான் மொதல்ல தெரியும். கையை மட்டும் காட்டு, போதும்" என்றார். கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிட்ட பிறகுதான் நீர் ஊற்ற வேண்டும் என்பது நம் சனத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். வழக்கமாக ஒரு செம்பருந்து எங்கிருந்தாவது வந்துவிடும். அன்றைக்கு வானம் துடைத்து வைத்தது போலக் காலி.

குருக்கள் சாரத்தின் மேல் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வேர்வை சொட்டுகிறது. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. எல்லார் தலையும் மேலே, எல்லார் கைபேசியும் மேலே. நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது செம்பனைப் பக்கத்திலிருந்து அது வந்தது. தாழப் பறந்து, கோபுரத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. கூட்டம் கத்திய கத்தலில் என் காது அடைத்துவிட்டது. "கருடா! கருடா!" ஒரு அம்மா, "கால்ல பூ வச்சிருக்கு பாருங்க, அம்மாவுக்குப் பூ கொண்டாந்திருக்கு!" என்று கதறி அழுதார். நான் தொலைநோக்கியைத் தூக்கினேன். நீளக் கழுத்து, புறாத்தலை. காலில் சாம்பல் நிறத்தில் பிய்ந்த குளவிக்கூடு ஒன்று, உள்ளங்கை அகலம்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். "மெய்யன்பர்களே! நம்ம அரிய கழுகே இன்னைக்குக் கருடனா வந்திருக்கு! என் தங்கச்சி பறவை நிபுணர். அவங்க வாயாலேயே கேளுங்க!" மைக்கை என் கையில் திணித்துவிட்டார்.

ஐயோ, அந்த ஒரு கணம். 'ஆமாம்' என்று சொன்னால் போதும். கோயிலே கொண்டாடும். அண்ணன் முகத்தைப் பார்த்தேன், கண்ணாலேயே கெஞ்சினார். பிரகாஷும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கை அந்தக் குளவிக்கூட்டின் மேலேயே எறிந்துவிட்டு ஈப்போவுக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனால் பறவை போகிற இடத்திலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. அது நேராக ஜெலுத்தோங் உச்சிக்குப் போய், பெரணிச்செடிக்குள் இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. பஞ்சு போல, கிறுக்குத்தனமாக ஆடிக்கொண்டு.

"அது கருடன் இல்ல," என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "கழுகும் இல்ல. தேன்பருந்து. கால்ல இருக்கறது குளவிக்கூடு. அந்த மரத்துல அதுக்குக் கூடு இருக்கு. குஞ்சு இருக்கு. குஞ்சுக்குச் சாப்பாடு கொண்டு போகுது."

மேளம் நின்றது. யாரோ, "நல்ல நேரத்துல வாயைப் பாரு" என்றார்கள். அண்ணன் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

மேலே சாரத்திலிருந்து குருக்கள்தான் கத்தினார். "குஞ்சுக்குச் சோறு கொண்டு போற தாயைவிட வேற என்னங்க சகுனம் வேணும்? மேளத்தைக் கொட்டச் சொல்லுங்கலா, எனக்குத் தோளு விட்டுப் போச்சு!"

மேளம் கொட்டியது. நீர் விழுந்தது. சனம் கையெடுத்துக் கும்பிட்டது. நான் பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தடியில் குனிந்து தேடினேன். பழையதும் புதியதுமாக ஏழு துண்டு குளவிக்கூடு கிடைத்தது. அன்னதானத்துக்குக் கொடுத்த நெகிழிப் பையில் போட்டுத் தேதி எழுதினேன். காரிலிருந்து கேமராவை எடுத்து வந்து கூட்டையும் குஞ்சையும் பறவையின் காலையும் படம் பிடித்தேன். யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

வேலு அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தீபாவளிக்குப் போனால் பின்வாசல் வழியாக லாரிக்குப் போய்விடுவார். பிரகாஷ் மட்டும் மறுநாளே கூப்பிட்டார். "மேடம், மைக்ல சொல்றதுக்குப் பதிலா என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்."

"உங்ககிட்டயும் சொன்னேன். நீங்க வேற பறவையைக் கேட்டீங்க."

கோயிலுக்கு வந்த கூட்டம் முழுக்க நான் மைக்கில் சொன்னதைக் கைபேசியில் பிடித்து வைத்திருந்தது. 'கடந்து செல்லும் பறவை' என்று எழுதச் சொல்லி அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஆனால் சும்மா விடவும் இல்லை. ஈப்போவில் கூட்டம் போட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டு வந்தார்கள், என் அறிக்கையை உடைப்பதற்கு. ஒல்லியான மனிதர், சிரிக்கவே மாட்டார். மேசை மேல் அவர் முதலில் வைத்தது என்ன தெரியுமா? அந்தப் பேனரின் படம். அமெரிக்கக் கழுகோடு.

"முதல்ல கழுகுன்னீங்க. அப்புறம் தேன்பருந்துன்னீங்க. மனசு மாறுறவங்க அறிக்கையை எப்படி ஏத்துக்கிறது?"

வாய் சொன்னது சொன்னதுதானே. முதல் நாள் களக் குறிப்பைக் காட்டுங்கள் என்றார். நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன்; அதில் என்ன எழுதினேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. அவர் பக்கத்தைப் புரட்டி உரக்க வாசித்தார். "காலை எட்டே கால். கொண்டை உள்ள பருந்து ஒன்று. வயிற்றில் பட்டை. மூன்று நொடி. கால் தெரியவில்லை. பெயர் தெரியாது."

பெயர் தெரியாது. என் வாய் அண்ணனிடம் பீற்றிக்கொண்டிருந்த அதே காலையில் என் கை அதை எழுதியிருக்கிறது. அந்தக் கையை எடுத்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

அவர் படங்களை ஒன்று ஒன்றாகப் பார்த்தார். காலைப் பெரிதாக்கிப் பார்த்தார். பையிலிருந்த குளவிக்கூட்டை முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு கோப்பை மூடி பிரகாஷ் பக்கம் தள்ளினார். "இதுல கழுகுன்னு எழுதியிருந்தா அரை மணி நேரத்துல கிழிச்சிருப்பேன். அறிக்கை முழுசும் போயிருக்கும், அந்த மரமும் போயிருக்கும். இதுல எனக்கு வேலை இல்லை."

குஞ்சு பறக்கும்வரை வேலையை நிறுத்தி வைப்பதைவிடச் சாலையை வளைப்பது நிறுவனத்துக்குச் சுலபமாகப் பட்டது. வளைத்தார்கள். மரம் இருக்கிறது, கோயிலும் இருக்கிறது. அதற்காக யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. பேனரை மட்டும் கழற்றினார்கள்.

அண்ணன் அதன் பிறகும் ஒரு வருஷம் பேசவில்லை. ஒருநாள் காலையில் கைபேசி அடித்தது. அவர் பெயரைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி." பின்னால் லாரி சத்தம் இல்லை. கோயில் மணி கேட்டது. "மரத்துல ஒண்ணு வந்து ஒக்கார்ந்திருக்கு."

"என்னண்ணே?"

"என்னான்னு சொல்ல மாட்டேன். கழுத்து நீட்டம். தலை சின்னது. அன்னைக்கு நீ சொன்ன மாதிரி மொறைப்பு இல்லாத மூஞ்சி. கால் மட்டும் எலைக்குள்ள இருக்கு, அதான் இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒரு மணி நேரமாச்சு. நீ வாரியா? தேத்தண்ணி வாங்கி வைக்கிறேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன். லாரி ஓட்டுகிற மனிதர், கண்ணுக்கு மேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, கால் தெரிகிற வரைக்கும் பேரைச் சொல்ல மாட்டேன் என்று ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். நீங்கள் எனக்குப் புள்ளி அனுப்புகிறீர்கள்.